நிலத்தை மீட்டலும் காத்தலும்: ரயில் வழித்தடத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மொழி மன்றத்தின் மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசுவது சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். இயற்கை வளம் நிறைந்த ஒரு நிலப்பகுதியைப் பொதுமக்களின் பொருட்டு அரசு பெற்றுக் காக்க வேண்டுமாயின், முதலில் அதனை மக்கள் கேட்டாக வேண்டும். ஏன் வேண்டும், எவ்வளவு வேண்டும், அஃது இல்லாமற்போனால் எது கெடும் என்று தெளிவாக எடுத்துரைத்தாக வேண்டும். எடுத்துரைப்பது மொழியின் தொழில். ஆதலின் இப்பொருள் நம் மன்றத்துக்கு உரியதே என்று துணிந்தோம்.

உலகின் வேறு பல நாடுகளில் மக்கள் பணம் திரட்டிக் காடுகளை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் அவ்வழி ஏறத்தாழ இல்லை எனலாம். இங்கு நிலத்தின் மிகப் பெரும்பகுதி அரசின் உடைமை. உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் ஒரு காட்டுத் துண்டுக்கு விலை பேச நம்மால் இயலாது. ஆயினும் பொதுச்சொத்தைக் கொடுத்துப் பொதுமக்களுக்காகப் பெற்ற நீண்ட நிலம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்லும் பழைய ரயில் நிலமே அது. இன்று அதனை ரயில் வழித்தடம் என்கிறோம். வார இறுதியில் அங்கு நடக்கிறவர்களுள் எத்தனை பேர் அதன் வரலாற்றை அறிவர் என்பது ஐயமே.

1903ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குள் ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது அது நம் தீவின் அரசுக்கு உரிய பாதை. 1918இல் ஒரு சட்டத்தின்வழி அப்பாதையும் அதற்குரிய நிலமும் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டன. பின்னர் 1932இல் பாதை திருத்தப்பட்டுத் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. நாடுகள் பிரிந்த பின்னரும் அந்த நிலம் மலாயா ரயில்வேயிடமே இருந்தது. ஒரு நாட்டின் நடுவே இன்னொரு நாட்டின் ரயில் நிறுவனம் நிலம் வைத்திருந்த விந்தை பல்லாண்டுகள் நீடித்தது.

அதனை முடிவுக்குக் கொண்டுவர 1990 நவம்பரில் இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அதன் பொருள் குறித்து எழுந்த கருத்து வேறுபாடு இருபது ஆண்டுகள் தீரவில்லை. 2010 மே மாதம் இரு பிரதமர்களும் ஒரு முடிவுக்கு வந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் நிலமாற்று விவரம் வெளியாயிற்று. தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களிலும் புக்கிட் தீமாவில் மூன்று இடங்களிலுமாக ஆறு நிலத்துண்டுகளுக்கு ஈடாக, மரினா சவுத்தில் நான்கும் ஓஃபீர்-ரோச்சோரில் இரண்டும் இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. நகரின் மிக விலையுயர்ந்த மண் அது. இன்று அங்கே வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ரயில் நிலம் 2011 ஜூலை முதல் நாள் சிங்கப்பூரிடம் மீண்டது.

இந்த வரவு செலவை நாம் மனத்தில் இருத்த வேண்டும். வழித்தடம் நமக்கு இலவசமாக வந்த பொருளன்று. நகர்நடுவில் அடுக்குமாடிகள் எழக்கூடிய மண்ணைக் கொடுத்து முடிந்த உடன்பாட்டின் பயனாக அது வந்தது. அவ்வாறு வந்த நிலத்தை அரசு என்ன செய்யலாம்? விற்கலாம், வீடு கட்டலாம், சாலை போடலாம். அவை யாவும் நியாயமான பயன்களே. இந்த இடத்தில்தான் மக்களின் குரல் புகுந்தது.

அதனைச் சொல்லுமுன் இப்பாதையோடு தமிழர்க்குள்ள உறவைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். மலாயாவில் ரயில் பாதைகள் போடப்பட்ட காலத்திலிருந்தே தென்னிந்தியத் தொழிலாளர் அவற்றில் உழைத்தனர். கட்டைகளைக் கிடத்தினர், கற்களைக் கொட்டினர், மழையில் அரிந்த கரைகளை மீண்டும் கட்டினர், பாதையோரப் புல்லை வெட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணிபுரிந்தனர். கடப்பாரை பிடித்தவரும் தமிழர், கணக்கேடு பிடித்தவரும் தமிழர். இருவருக்கும் இடையே இருந்த தொலைவு வேறொரு உரைக்குரிய செய்தி. குவீன்ஸ்டவுன் பகுதியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த தொழிலாளர் 1930களில் சிறு குடிலாகத் தொடங்கிய முனீஸ்வரர் கோயில், இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக விளங்குகிறது. தண்டவாளம் போய்விட்டது, தொழிலாளர் குடியிருப்பும் போய்விட்டது, தெய்வம் மட்டும் இடம்பெயர்ந்து நிலைத்திருக்கிறது. கோயிலைக் காத்துக்கொள்ளத் தெரிந்த நாம், அக்கோயிலை எழுப்பியவர்கள் நாள்தோறும் நடந்த பாதையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

ரயிலுக்குரிய நிலம் என்பதால் அங்கு வீடுகள் எழவில்லை. இருமருங்கும் மரங்கள் வளர்ந்தன, கொடிகள் படர்ந்தன, ஓடைகள் ஓடின. பாதையை அடுத்திருந்த சிலர் வாழையும் மரவள்ளியும் பயிரிட்டனர். காட்டைக் காக்க வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. எண்பது ஆண்டுகள் மனிதர் வேறு வேலைக்கு அந்த மண்ணைத் தொடாததால் அங்கு உயிர்கள் ஒதுங்கின. புக்கிட் தீமா இயற்கை வனத்தின் ஓரமாகச் சென்று தெற்கே நகருக்குள் நீளும் இப்பசுங்கோடு, பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஊர்வனவற்றுக்கும் ஒரு தெருவாயிற்று.

இதனைக் கண்ட சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010 அக்டோபரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. கைம்மாறும் செய்தி வந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. அதன் வேண்டுகோள் ஒரே வரியில் அடங்குவது: நிலத்தை இடையறாத ஒரே பசுந்தடமாக வைத்திருங்கள். இன்ன மரத்தைக் காக்க வேண்டும், இன்ன பறவைக்கு இடம் வேண்டும் என்ற பட்டியல் பின்னால் வந்தது. முன்னால் நின்றது ‘இடையறாமை’ என்ற ஒரு கருத்து. நம் கணிப்பில் அம்முயற்சியின் வலிமை இதில்தான் இருந்தது. துண்டு துண்டாகக் கேட்டிருந்தால், இத்துண்டு உங்களுக்கு, அத்துண்டு வீடுகளுக்கு என்று பங்கு பிரிப்பது எளிதாகியிருக்கும். தொடர்ச்சியே அதன் மதிப்பு என்று நிறுவிவிட்டால், நடுவே ஒரு கிலோமீட்டரை எடுத்துக்கொள்வது முழுவதையும் கெடுப்பதாகும் என்பதை எவரும் உணர்வர்.

தொடர்ச்சி அறுந்தால் என்னவாகும் என்பதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. புக்கிட் தீமா விரைவுச்சாலை 1980களில் போடப்பட்டபோது புக்கிட் தீமா வனமும் மத்திய நீர்ப்பிடிப்புக் காடும் இரண்டாகப் பிரிந்தன. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2013இல், அச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் விலங்குகள் கடப்பதற்கென்று மண்ணும் மரமும் உள்ள ஒரு பாலம் கட்டி முடிக்கப்பட்டது. ஒருமுறை அறுத்ததை ஒட்டவைக்கத் தனிப் பாலமே தேவைப்பட்டது. இந்த எடுத்துக்காட்டை வகுப்பறையில் சொன்னால் ‘வழித்தடம்’ என்ற சொல்லின் பொருள் மாணவர்க்கு உடனே விளங்கும்.

2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதனை ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல், தண்டவாளங்கள் அகற்றப்படுமுன், இரண்டு வாரங்களுக்குச் சற்று மேலாகப் பாதை முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பம் குடும்பமாக மக்கள் கட்டைமேல் கட்டை மிதித்து நடந்தனர். பிள்ளைகள் படமெடுத்தனர், முதியோர் கதை சொன்னர். ஓர் அறிக்கையைப் படித்து ஒரு நிலத்தை நேசிப்பவர் சிலரே. கால் வைத்து நடந்தவர் அதனை எளிதில் விட்டுக்கொடார். அம்முயற்சிக்கு ஆதரவு பெருகியதற்கு அந்த நடை ஒரு பெருங்காரணம் என்று கருதுகிறோம். நகர மறுசீரமைப்பு ஆணையமும் மக்களின் கருத்தைக் கேட்டது. தொடர்ச்சி காக்கப்படும் என்ற நிலைப்பாடு உருவாயிற்று. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. புக்கிட் தீமா நிலையமும் பாதுகாக்கப்பட்டது. இரும்புப் பாலங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

அத்துடன் எல்லாம் இனிதே முடிந்தது என்று மாணவர்க்குச் சொல்லிவிடக் கூடாது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிராஞ்சியில் வழித்தடத்தை ஒட்டியிருந்த காட்டின் ஒரு பகுதி, உயிரின ஆய்வு முடிவதற்கு முன்பே தவறுதலாக வெட்டப்பட்டது. வானிலிருந்து எடுத்த படங்களைப் பொதுமக்கள் பரப்பிய பின்னரே அது பேசுபொருளாயிற்று. பொறுப்பான தரப்பு வருத்தம் தெரிவித்தது, நடைமுறைகள் ஆராயப்பட்டன. வெட்டிய மரம் வெட்டியதுதான்.

இனி, மக்கள் ஆதரவு திரட்டுதல் என்றால் என்ன என்பதைச் சிறிது நுணுகிப் பார்ப்போம். கையொப்பம் சேர்ப்பதே ஆதரவு திரட்டுதல் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டு அனுபவம் அதற்குச் சான்று தரவில்லை. 1992இல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கத் திட்டம் இருந்தது. இயற்கைச் சங்கம் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து, திடலால் காட்டுக்கும் நீருக்கும் நேரக்கூடிய தீங்கை ஆராய்ந்து தானே ஓர் அறிக்கை தயாரித்தது. ஏறத்தாழ 17,000 பேர் கையொப்பமிட்டனர். திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாண்டு கழித்து, செனோக்கோவில் பறவைகள் மிகுந்த சதுப்பு நிலத்தைக் காக்க 25,000 கையொப்பங்கள் திரண்டன. அந்நிலம் வீடமைப்புக்குப் போயிற்று. எண்ணிக்கைதான் வெல்லும் என்றால் செனோக்கோ வென்றிருக்க வேண்டும்.

வேறுபாடு எங்கே இருந்தது? கோல்ஃப் திடல் சிலர் விளையாடும் இடம், வீடு பலர் வாழும் இடம். செனோக்கோவில் எதிர்த்தட்டில் இருந்த தேவை கனமானது. வீடு வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இந்தச் சிறிய தீவில் அவ்வாறு சொல்வது அறமும் ஆகாது. ஆதலின் ஒரு நிலத்தைக் காக்க முற்படுவோர், எதிர்த்தேவையைத் தாங்களே எடுத்துச் சொல்லி, அதனை வேறெங்கு, வேறெவ்வாறு நிறைவேற்றலாம் என்றும் காட்டியாக வேண்டும். உணர்ச்சியைப் பொழிந்துவிட்டுக் கணக்கை அரசிடம் விட்டுவிடுவது அரைவேலை.

செக் ஜாவாவின் கதை இதினும் நமக்கு நெருக்கமானது. ஏனெனில் அது ஒரு பள்ளிப் பயணத்தில் தொடங்கியது. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள அக்கடற்கரையை நிலமீட்புக்காக மண்ணிட்டு மூடுவதாக இருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மாணவர் குழுவொன்றுடன் அங்குச் சென்ற தாவரவியலாளர் ஒருவர், நீர் வற்றிய வேளையில் தெரிந்த உயிர்ச்செழிப்பைக் கண்டு வியந்து பிறர்க்கு அறிவித்தார். கரைக்காடு, கண்டல் காடு, மணல்திட்டு, கடற்புல் பரப்பு, பாறைக்கரை, பவளச் சிதைவுகள் எனப் பல வாழிடங்கள் ஒரே இடத்தில், சுமார் 100 ஹெக்டேருக்குள், அமைந்திருந்தன. அடுத்த ஓராண்டுக்குள் அருங்காட்சியக ஆய்வாளரும் தொண்டூழியரும் சேற்றில் இறங்கி ஒவ்வோர் உயிராகப் பதிவு செய்தனர். மறைந்துவிடப் போகிறதே என்று நூற்றுக்கணக்கானோர் சென்று பார்த்தனர். பலர் அமைச்சுக்குக் கடிதம் எழுதினர். 2001 டிசம்பரில் பணி நிறுத்திவைக்கப்பட்டது. உபின் தீவு வளர்ச்சிக்குத் தேவைப்படாத வரையில் அவ்விடம் தொடப்படாது என்று அடுத்த மாதம் உறுதி கூறப்பட்டது. ‘தேவைப்படாத வரையில்’ என்ற தொடரை இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கடற்கரையின் எதிர்காலம் அந்த ஒரு நிபந்தனைத் தொடரில் தங்கியிருக்கிறது.

பணம் கொடுத்து வாங்கும் வழியையும் பார்ப்போம். மாணவர்க்கு அது ஊக்கம் தரும். 1987இல் சுவீடன் நாட்டின் ஃபாகெர்விக் என்னும் சிற்றூர்ப் பள்ளியில், கோஸ்டாரிக்காவின் மொன்டிவெர்டே மழைக்காட்டைப் பற்றி ஓர் உயிரியலாளர் படங்களோடு பேசினார். காடு அழிகிறது என்று கேட்ட ஒன்பது வயது மாணவன், அதைக் காக்க நாம் என்ன செய்யலாம் என்று வினவினான். காட்டை வாங்கிவிடலாமே என்ற எண்ணம் அவ்வகுப்பில் பிறந்தது. பிள்ளைகள் பணம் சேர்த்து முதலில் ஆறு ஹெக்டேர் வாங்கினர். பிறகு வேறு பள்ளிகள் சேர்ந்தன, வேறு நாடுகள் சேர்ந்தன. 44 நாடுகளின் சிறுவர்கள் உதவினர். இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்துள்ள அவ்விடத்துக்குச் சிறுவர்களின் என்றுமுள மழைக்காடு என்றே பெயர். மொன்டிவெர்டே பாதுகாப்புக் கழகம் அதனைப் பேணி வருகிறது. அந்த ஆசிரியை பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்று அவ்வினாவைக் கடந்து போயிருந்தால் இது எதுவும் நடந்திராது.

அரசே வாங்கிய இன்னொரு கதையில் இனிப்பும் கசப்பும் கலந்திருக்கின்றன. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரைத் தேசியப் பூங்காவாக்க 1926இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. நிலமோ மரம் வெட்டும் நிறுவனங்களிடமும் குடியானவர்களிடமும் இருந்தது. டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநில அரசுகளும் பணம் ஒதுக்கின. பொதுமக்கள் நன்கொடை தந்தனர். பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் சில்லறைக் காசுகளைத் தருவதாக வாக்களித்தனர். 1928இல் ராக்ஃபெல்லர் குடும்ப அறநிதி 5 மில்லியன் டாலர் கொடுத்தது. 6,600க்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் ஒவ்வொன்றாக வாங்கப்பட்டு 1934இல் பூங்கா உருவாயிற்று. கசப்பு என்னவெனில், பல தலைமுறையாக அங்கு வாழ்ந்த நில உடைமையாளர் 1,200க்கும் மேற்பட்டோர் தம் மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது. விற்க மனமில்லாதவரும் அவர்களுள் இருந்தனர். இயற்கையைக் காக்கும் நல்ல நோக்கத்தினாலும் எளியவர் இடம்பெயரக் கூடும். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய மக்களின் வரலாற்றை மலேசியத் தமிழர் நன்கறிவர். ஆகவே ‘காப்போம்’ என்று முழங்குமுன் ‘அங்கு யார் இருக்கிறார்கள்’ என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வேண்டும்.

இப்போது நம் மொழிக்கு வருவோம்.

பொதுநிலத்தைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறமாக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரி, குளம், ஆற்றங்கரை, மேய்ச்சல் வெளி, சுடுகாடு ஆகியவை யாவும் புறம்போக்கு. எவருக்கும் தனியுடைமை ஆகாமல், எல்லார்க்கும் பயன்படுவதற்காக ஊரே விட்டுவைத்த நிலம் அது. அச்சொல் இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதை இம்மேடையில் விளக்கத் தேவையில்லை. ஒருவரைப் பயனற்றவர் என்று ஏச வேண்டுமானால் அச்சொல்லை எடுக்கிறோம். தனி ஒருவருக்கு வருமானம் தராத நிலம் வெறும் நிலம் என்ற எண்ணம் நம்முள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு இச்சொல்லின் வீழ்ச்சியே சான்று. வழித்தடம் எண்பது ஆண்டுகள் ஒருவகைப் புறம்போக்காகவே கிடந்தது. அதனால்தான் அங்கு உயிர் தழைத்தது.

இன்னொரு சொல் ‘பசுமை’. புல்வெளியும் பசுமை, பூங்காவும் பசுமை, அடர்காடும் பசுமை, கூரைமேல் வைத்த தொட்டிச்செடியும் பசுமை. ஓர் அறிவிப்பில் ‘பசுமை இடம் ஒதுக்கப்படும்’ என்று வந்தால் எந்தப் பசுமை என்று கேட்கத் தெரிய வேண்டும். வெட்டி அழித்த பின் தானே மீண்டும் வளர்ந்த காடு வேறு, கோடாரி படாத முதுகாடு வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் ஒன்றைக் காக்கக் கோர இயலாது. ‘சதுப்பு நிலம்’ என்ற சொல்லையும் நாம் நன்னீர்ச் சேற்றுக்கும் உப்புநீர்க் கண்டல் காட்டுக்கும் ஒருசேர வழங்குகிறோம். செனோக்கோவும் செக் ஜாவாவும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால் வாதம் எங்கிருந்து பிறக்கும்? கண்டல், அலையாத்தி என்ற நல்ல சொற்கள் நம்மிடம் உள்ளன. பாடநூலிலும் பேச்சுப்போட்டியிலும் அவற்றைப் புழங்கவிட வேண்டும்.

ஐந்திணை மரபு உடைய மொழி நம்முடையது என்று பெருமைப்படுகிறோம். பெருமை நியாயமானதே. ஆனால் இயற்கை என்றதும் ஐந்திணையைச் சொல்லி, கைதட்டு வாங்கி, அமர்ந்துவிடுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. குறிஞ்சிக்கு உரிய பறவை எது என்று தேர்வில் எழுதும் மாணவர், தம் அடுக்குமாடிக்குப் பின்னால் கூவும் பறவையின் பெயரை அறியார். திணை மரபைப் பாடியவர்கள் தங்கள் கண்முன் இருந்த மரத்தையும் புள்ளையும் பெயர் சொல்லி அழைத்தவர்கள். அவர்களின் வழியில் நடப்பதென்றால் நம் கண்முன் இருப்பதன் பெயரை அறிவதுதான்.

தமிழ் நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆயினும் நிலம், நீர், போக்குவரத்து, வீடமைப்பு போன்ற பொதுக் காரியங்களில் வாதிடுவதற்கு நாம் அதனை எடுப்பதில்லை. வீட்டுக்கும் கோயிலுக்கும் கலைவிழாவுக்கும் தமிழ், விவகாரத்துக்கு ஆங்கிலம் என்று பிரித்துவிட்டோம். இது மொழியின் ஆற்றல் குறைவால் வந்ததன்று. பயிற்சிக் குறைவால் வந்தது. பயிற்சி தரும் இடம் பள்ளி. ஆகவே ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

கட்டுரைப் பயிற்சிக்கு ‘இயற்கையைப் பாதுகாப்போம்’ என்ற தலைப்பைக் கொடுப்பதைச் சில காலம் நிறுத்திவையுங்கள். அத்தலைப்புக்கு வரும் முப்பது கட்டுரைகளும் ஒரே கட்டுரையாக இருப்பதை நீங்களே அறிவீர்கள். மாறாக, மாணவரை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வழித்தடத்தில் ஒரு கிலோமீட்டர் போதும். பார்த்த மரம், கேட்ட ஒலி, எதிர்ப்பட்ட மனிதர், நிழல் இருந்த இடம், இல்லாத இடம் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாதவற்றுக்குப் பெயர் தேடுவது அடுத்த கிழமைப் பாடம் ஆகட்டும். தமிழ்ப்பெயர் கிடைக்கவில்லையெனில் மலாய்ப்பெயரையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இம்மண்ணின் மரத்துக்கு இம்மண்ணின் பெயர் இருப்பதில் குறையொன்றும் இல்லை.

ரயில்வேயில் பணிபுரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். எந்த வளைவில் பாதை அடிக்கடி அரிந்தது, எங்கே பாம்பு அதிகம், எந்த மரத்தடியில் கஞ்சி குடித்தார்கள், கேங்கில் யார் பாட்டுப் பாடுவார் என்பவற்றை அவர்கள் மட்டுமே அறிவர். அவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை மாணவர் பதிவு செய்து எழுத்தாக்கினால், அது மொழிப் பயிற்சியாகவும் அமையும், நிலத்தின் சாட்சியமாகவும் அமையும். ஒரு நிலத்துக்காக வாதிடும்போது அங்குள்ள உயிரினப் பட்டியலுக்கு நிகரான மதிப்பு, அங்கு உழைத்தவர் சொல்லுக்கும் உண்டு. இந்தப் பங்கை வேறு எச்சமூகமும் நமக்காகச் செய்ய முடியாது. செய்வதற்குக் காலமும் அதிகம் இல்லை.

மாணவர்களே, உங்களிடம் ஒன்று. நாட்டின் நிலம் எவ்வாறு பயன்படும் என்பதைக் காட்டும் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுகிறது. அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது, கருத்தும் கேட்கப்படுகிறது. வரைபடத்தில் உங்கள் வட்டாரத்தைத் தேடிப் பாருங்கள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று படியுங்கள். இன்று மரங்கள் நிற்கும் இடம் நாளைக்கு எந்த நிறமாகப் போகிறது என்பது அங்கே தெரியும். தெரிந்த பின் ஒரு கடிதம் எழுதுங்கள்.

அக்கடிதத்துக்கு அணிநயம் வேண்டியதில்லை. ‘தாயாம் இயற்கை’ என்று தொடங்க வேண்டா. இடத்தின் பெயரையும் எல்லையையும் எழுதுங்கள். அங்கு நீங்கள் கண்டவற்றை, கண்ட நாளோடு எழுதுங்கள். அவ்விடத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். அரசு அங்கு எதனைக் கட்ட எண்ணுகிறது, அத்தேவை எவ்வளவு நியாயமானது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அதனை நிறைவேற்ற வேறு வழி உண்டென்று நீங்கள் கருதினால் அவ்வழியைச் சொல்லுங்கள். முழுவதையும் காக்க இயலாதெனில் எந்தப் பகுதியை அறுக்கக் கூடாது, ஏன் அறுக்கக் கூடாது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதி, வேண்டுமானால் ஆங்கில வடிவத்தையும் உடன் இணையுங்கள். ஒரு படியைத் தமிழ் நாளேட்டுக்கும் அனுப்புங்கள், உங்கள் தாத்தா பாட்டி படிப்பார்கள். எழுதி முடித்ததும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒற்றுப்பிழையை அவர் திருத்துவார். கருத்தைத் திருத்த வேண்டா என்று அவரிடம் நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.